பழைய மீட்டரை நம்பும் மென்பொருள்

ஜொகூர் பாருவிலிருந்து அன்றாடம் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வரும் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மீட்டரில் ஐந்து இலக்கம்தான். 99,999 கிலோமீட்டர் ஆனதும் பூஜ்யத்திலிருந்து மறுபடி ஓடத் தொடங்கும். இன்று 2,000 என்று காட்டினால், வண்டி ஒரு சுற்று முடித்ததா, இரண்டு சுற்றா? மீட்டரைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

கணினி இணைப்புகளைக் கண்காணிக்கும் மென்பொருளுக்கும் இதே சிக்கல் உண்டு. ஜொகூரைப் பொறுத்தவரை இது சின்ன விஷயமல்ல. சிங்கப்பூர் 2019-இல் புதிய தரவு மையங்களுக்கு அனுமதி தருவதை நிறுத்தி வைத்தது. 2022-இல்தான் கட்டுப்பாடுகளோடு மீண்டும் திறந்துவிட்டது. அதற்குள் முதலீட்டாளர்களின் பார்வை பாலத்துக்கு இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. செம்பனைக்குப் பேர்போன கூலாய், செடெனாக் வட்டாரத்திலும் இஸ்கண்டார் புத்ரியிலும் தரவு மையங்கள் எழுந்தன. அவற்றுக்குள் இருக்கும் சுவிட்சுகளையும் ரவுட்டர்களையும் ஆள் வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்க முடியுமா? மென்பொருள் கேட்கிறது, கருவி பதில் சொல்கிறது. அப்படிக் கேட்கும் முறைக்குத்தான் நிரல் இடைமுகம் என்று பெயர்.

இதில் பழையதும் பரவலானதும் எஸ்.என்.எம்.பி. 1988-இல் வந்தது. கருவியில் உள்ள ஒவ்வொரு கணக்குக்கும் அதில் தனிப் பெயர் உண்டு. ஓர் இணைப்பில் உள்ளே வந்த பைட்டுகளை எண்ணும் மீட்டர் ‘இஃப் இன் ஆக்டெட்ஸ்’. 32 பிட் மீட்டர். 4,294,967,295 வரை எண்ணும், அடுத்தது பூஜ்யம்.

அன்றைக்கு அது தாராளம். தோபியாஸ் ஓடிக்கர் என்பவர் 1995-இல் உருவாக்கிய எம்.ஆர்.டி.ஜி. என்ற மென்பொருள், முதலில் கண்காணித்த இணைப்பின் வேகம் வினாடிக்கு 64 கிலோபிட். அந்த வேகத்தில் மீட்டர் ஒரு சுற்று முடிக்க 6 நாளுக்கு மேல் ஆகும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்ற வழக்கம் அப்போது வந்தது. இணைப்பின் வேகம் 1 கிகாபிட் ஆனால் அதே மீட்டர் 34 வினாடியில் சுற்றிவிடும். 10 கிகாபிட் என்றால் 3.4 வினாடி!

இங்கேதான் ஆபத்து. எண் திடீரென்று குறைந்தால் ‘ஒரு சுற்று முடிந்தது’ என்று கூட்டிக்கொள்ள நிரலுக்குத் தெரியும். ஐந்து நிமிடத்தில் எட்டுச் சுற்று ஓடியிருந்தால்? மீதி ஏழும் கணக்கில் வராது. கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த நிரல் எந்த இணைப்பிலும் 115 மெகாபிட்டைத் தாண்டிக் காட்டவே முடியாது. 1 கிகாபிட் இணைப்பு நிரம்பி வழிந்தாலும், வரைபடம் பத்தில் ஒரு பங்குதான் ஓடுகிறது என்று சாதுவாகச் சொல்லும். வாடிக்கையாளர் ‘மெதுவாக இருக்கிறது’ என்று புகார் செய்வார். திரையைப் பார்ப்பவர் ‘எல்லாம் சரியாக இருக்கிறதே’ என்பார்.

பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் வேடிக்கை. இந்தத் துறையின் விதிப்படி, ஒரு பெயரை வெளியிட்ட பிறகு அதன் பொருளை மாற்றக்கூடாது. புதிய தேவைக்குப் புதிய பெயர்தான் வைப்பார்கள். உலகெங்கும் ஓடும் நிரல்கள் ஒரே இரவில் நின்றுவிடாமல் காக்கும் நல்ல விதி அது. ஆனால் பழைய பெயரைக் கேட்டால் கருவி இன்னமும் பதில் தருகிறது. அதனால் நிரலைத் திருத்த வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் வருவதில்லை.

64 பிட் மீட்டர், ‘இஃப் எச்.சி. இன் ஆக்டெட்ஸ்’, 1994-இலேயே வந்துவிட்டது. 100 கிகாபிட் வேகத்திலும் அது ஒரு சுற்று முடிக்க 46 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அப்படியானால் நிரலில் பெயரை மாற்றினால் போதுமா? போதாது. எஸ்.என்.எம்.பி.யின் முதல் பதிப்பால் 64 பிட் எண்ணைச் சுமக்க முடியாது; கேட்டால் ‘அப்படி ஒன்று இல்லை’ என்றே பதில் வரும். ஆகவே பதிப்பையும் உயர்த்த வேண்டும். நிரலுக்குள் எண்ணை வைக்கும் இடமும், தரவுத்தளத்தில் அதைச் சேமிக்கும் இடமும் 64 பிட்டாக வேண்டும். கருவியை அணைத்துப் போட்டால் மீட்டர் பூஜ்யமாகும்; அதைச் ‘சுற்று முடிந்தது’ என்று நிரல் தவறாக எண்ணினால் வரைபடம் வானத்தைத் தொடும். இதற்காகவே, மீட்டரின் தொடர்ச்சி எப்போது அறுந்தது என்று சொல்லும் இன்னொரு குறிப்பும் உண்டு. அதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பதிப்பை உயர்த்தும்போது மூன்றாம் பதிப்புக்கே போவது நல்லது. முதல் இரண்டும் கடவுச்சொல்லைத் திறந்த அஞ்சலட்டை போல அனுப்புபவை. 2002-இல் முழுத் தரமாக ஏற்கப்பட்ட மூன்றாம் பதிப்பில் பயனர் பெயர், சாவி, மறையாக்கம் எல்லாம் உண்டு. நிரலில் வேலை சற்றுக் கூடும். அதற்குப் பிறகு 2006-இல் நெட்கான்ஃப், 2017-இல் ரெஸ்ட்கான்ஃப் என்று வேறு வழிகளும் வந்துள்ளன. ஆனால் பழைய கருவிகள் இருக்கும் வரை எஸ்.என்.எம்.பி. நிரலும் இருக்கும்.

மாற்றும்போது பழைய நிரலை உடனே நிறுத்திவிடாமல், சில நாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்க்கலாம். போக்குவரத்து குறைவான நேரத்தில் இரண்டு வரைபடமும் ஒன்றாகவே போகும். கூட்டம் கூடும் நேரத்தில் புதியது மேலே ஏறும். பழையது 115-க்குக் கீழேயே தாவித் தாவி ஓடிக்கொண்டிருக்கும்.