‘முன்பை விட’ என்றால் எப்போதை விட? மன்னாரைப் பற்றிய ஆங்கில வாக்கியங்களை வாசிப்பது

மன்னார்த் தீவின் தென் கரையோரத்தில் 30 காற்றாலைகள் நிற்கின்றன. ‘தம்பபவனி’ எனப் பெயரிடப்பட்ட அந்த மின்னுற்பத்தி நிலையம் 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டது. மொத்த வலு 103.5 மெகாவாட். அதன் பிறகு மீன் குறைந்துவிட்டது என்கிறார்கள் கடற்றொழிலாளர்கள். மழைவெள்ளம் முன்புபோல் வடிவதில்லை என்கிறார்கள் ஊர்மக்கள். இரண்டையும் மறுப்பவர்களும் இருக்கிறார்கள். அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் தனது காற்றாலைத் திட்டத்திலிருந்து விலகியது. அதே ஆண்டு ஆகஸ்டில், வேறு காற்றாலைகளுக்கான பாகங்கள் தீவுக்குக் கொண்டுவரப்பட்டபோது மக்கள் வீதிக்கு வந்தார்கள்.

யார் சொல்வது சரி என்று தீர்ப்பளிப்பதல்ல இந்தக் கட்டுரையின் நோக்கம். சர்ச்சை முழுவதும் ஒரேயொரு வகை வாக்கியத்தில்தான் தங்கியிருக்கிறது: முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது. அந்த வாக்கியம் மக்களின் வாயில் தமிழில் பிறக்கிறது. முடிவெடுப்பவர்களின் கோப்புக்குள் ஆங்கிலத்தில் போய் உட்காருகிறது. ஊடகக் கற்கை படித்துவிட்டு இரண்டு மொழிகளுக்கும் இடையில் வேலை செய்கிறவள் என்ற வகையில், வழியில் எது தொலைகிறது என்பதைத்தான் என்னால் சொல்ல முடியும்.

முதலில் மிகச் சிறிய சொற்கள். ஆங்கிலத்தில் ‘லோ’ என்றால் குறைவு, ‘லோவர்’ என்றால் வேறொன்றை விடக் குறைவு. கடைசியில் ஒட்டியிருக்கும் அந்த ‘அர்’ ஓசைதான் ‘இங்கே ஒரு ஒப்பீடு நடக்கிறது’ என்று சொல்கிறது. ‘லெஸ்’, ‘ஃபியூவர்’ என்பனவும் அப்படித்தான். தமிழில் பெயரடைக்கு இப்படியொரு வடிவம் கிடையாது. ‘குறைந்த பாதிப்பு’ என்றால் கொஞ்சமான பாதிப்பா, வேறெதையோ விடக் குறைவான பாதிப்பா? இரண்டுமாக இருக்கலாம். ‘லோவர் இம்பாக்ட்’ என்று ஆங்கிலத்தில் இருந்தால், ‘எதை விட?’ என்று கேட்க வாசகருக்கு ஒரு பிடி இருக்கிறது. தமிழாக்கத்தில் அது ‘குறைந்த பாதிப்பு’ ஆனதும் அந்தப் பிடியும் போய்விடுகிறது. மொழிபெயர்ப்பாளர் ‘ஐ விட’ என்று எழுத விரும்பினாலும் ஆங்கில மூலத்தில் ‘தேன்’ என்ற சொல் இல்லாவிட்டால் எதை வைத்து எழுதுவார்? மூலத்தை எழுதியவர் சொல்லாமல் விட்டதை மொழிபெயர்ப்பாளர் கண்டுபிடிக்க முடியாது.

எதிர்த்திசையில் நடப்பது இன்னும் மோசம். கரைவலைச் சம்மாட்டி ஒருவர் ‘அப்ப இந்தப் பாட்டில சாளை நிறையப் படும்’ என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘படும்’ என்பது பள்ளி இலக்கணத்தில் எதிர்காலம். ஆனால் தமிழர் எல்லோரும் கடந்தகால வழக்கத்தைச் சொல்ல இதே வடிவத்தைத்தான் எடுக்கிறோம்: ‘அந்தக் காலத்தில கப்பலில ராமேஸ்வரம் போவம்.’ காலத்தைக் காட்டுவது ‘அப்ப’ என்ற ஒற்றைச் சொல். அதை நழுவவிட்டு மொழிபெயர்த்தால் சாளை இன்றும் படுகிறது, அல்லது நாளை படும். இந்த இடத்தில் ஆங்கிலத்துக்குத் தேவை ‘யூஸ்ட் டு’. அது இரண்டு வேலை செய்கிறது: முன்பு வழக்கமாக நடந்தது என்கிறது, இப்போது அப்படியில்லை என்பதையும் கேட்பவருக்கு உணர்த்திவிடுகிறது. வெறும் இறந்தகாலம் இதைச் செய்யாது. ‘வீ கோட் சார்டீன்ஸ்’ என்றால் ஒருநாள் பிடித்தோம் என்றும் கொள்ளலாம்.

இதற்குள் இன்னொரு குழி இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த எல்லோரும் அதில் ஒருமுறையாவது விழுந்திருப்போம். ‘வீ யூஸ்ட் டு ஹேவ் ஃப்ளட்ஸ்’ என்றால் எங்களுக்கு முன்பு வெள்ளம் வரும், இப்போது வருவதில்லை. ‘வீ ஆர் யூஸ்ட் டு ஃப்ளட்ஸ்’ என்றால் வெள்ளம் எங்களுக்குப் பழகிப்போயிற்று. இடையில் ஒரு ‘ஆர்’ வந்ததும் முறைப்பாடு சமாதானமாகிவிடுகிறது. வெள்ளம் ஏன் வடியவில்லை என்று கேட்கும் ஊருக்கு இவை இரண்டும் உதவாது. அவர்கள் சொல்ல வருவது வேறு: முன்பும் வெள்ளம் வந்தது, ஆனால் இத்தனை நாள் நிற்கவில்லை. ‘தி வோட்டர் டஸ் நொட் டிரெய்ன் அஸ் குவிக்லி அஸ் இட் டிட் பிஃபோர்’ என்று, பழைய வேகத்தையும் சேர்த்து எழுத வேண்டும்.

‘நோ லோங்கர்’ என்பதற்கு அகராதி ‘இனி இல்லை’ என்று சொல்லும். ‘மீன் இல்லை’ என்ற வாக்கியத்தில் மாற்றம் எதுவும் தெரிவதில்லை, என்றுமே இல்லாததாகவும் இருக்கலாம். ஆனால் நம்மிடம் ‘இல்லாமல் போச்சு’ என்றொரு அருமையான வடிவம் இருக்கிறது. இருந்ததும் போனதும் அதற்குள்ளேயே இருக்கின்றன. அதற்குச் சரியான ஆங்கிலம் ‘நோ லோங்கர்’தான். ‘நொட் அவைலபிள்’ அல்ல.

பிறகு ‘மீள்’. ஆங்கிலத்தின் ‘ரீ’ என்ற முன்னொட்டு பழைய நிலையை நினைவூட்டிவிட்டு, அதற்குத் திரும்பியாயிற்று என்று உறுதி கொடுக்கிறது. 1990இல் நின்றுபோன மதவாச்சி – தலைமன்னார் ரயில் சேவை 2015 மார்ச்சில் தலைமன்னார் இறங்குதுறை வரை மீண்டும் ஓடத் தொடங்கியது. ‘ரெஸ்டோர்ட்’ என்று எழுதினார்கள். தண்டவாளத்தைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் அந்தப் பாதை தலைமன்னாரில் கப்பலைப் பிடிப்பதற்காகப் போடப்பட்டது. ராமேஸ்வரத்துக்கான அந்தப் பயணிகள் கப்பல் 1980களில் நின்றுபோனது. ரயில் வந்துவிட்டது, பயணம் வரவில்லை. எது மீண்டது என்று கேட்காமல் ‘ரெஸ்டோர்ட்’ என்ற சொல்லைக் கடக்கக் கூடாது.

‘ரீசெட்டில்மென்ட்’ என்ற சொல் இன்னும் கனமானது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போனார்கள். தமிழில் ‘மீள்குடியேற்றம்’ என்றால் சொந்த ஊருக்குத் திரும்புவது என்றே நாம் விளங்கிக்கொள்கிறோம். ஆங்கிலச் சொல்லுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, வேறோர் இடத்தில் குடியமர்த்தினாலும் அது ‘ரீசெட்டில்மென்ட்’தான். அதற்கு மேல், போருக்குப் பிந்திய உதவித் திட்டங்கள் 2008 ஏப்ரலை எல்லைக் கோடாக வைத்தன. அதற்கு முன் இடம்பெயர்ந்தவர்கள் ‘பழையவர்கள்’, பின் இடம்பெயர்ந்தவர்கள் ‘புதியவர்கள்’. முன்னுரிமை பெரும்பாலும் புதியவர்களுக்கே கிடைத்தது. ‘முன்பு’ எங்கே தொடங்குகிறது என்று ஒருவர் கோடு கிழித்ததும், அதற்கு அப்பால் இருந்தவர்களின் ‘முன்பு’ எண்ணிக்கையில் பின்தள்ளப்பட்டது.

கோட்டை எங்கே கிழிப்பது என்பதற்கு மன்னார்க் கடலே நல்ல உதாரணம் தருகிறது. சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைக்கு அப்பாலுள்ள முத்துப் பார்களில் 1892 முதல் 1902 வரை முத்துக்குளிப்பே நடக்கவில்லை. காரணம் அறியவே ஹெர்ட்மன் என்ற விலங்கியலாளர் வரவழைக்கப்பட்டார். அவரது அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. இடையில் 1905இல் பெரும் அறுவடை. அதை நம்பி 1906இல் பார்களைக் குத்தகைக்கு எடுத்த கம்பனிக்குச் சில ஆண்டுகளிலேயே சிப்பி கிடைக்காமல் போயிற்று. இப்போது ‘முன்பை விட’ என்று ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். 1900ஐ முன்பு என்று கொண்டால் 1905 ஒரு செழிப்பு. 1905ஐ முன்பு என்று கொண்டால் 1910 ஒரு வீழ்ச்சி. 1900ஐயும் 1910ஐயும் ஒப்பிட்டால் எதுவுமே நடக்கவில்லை. மூன்று வாக்கியங்களும் இலக்கணப்படி சரி, தரவுப்படியும் சரி.

மீன்வள ஆய்வாளர் டேனியல் போலி 1995இல் இதற்கொரு பெயர் வைத்தார். நகரும் அடிநிலை என்று அதைச் சொல்லலாம். ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும் தாம் வேலைக்கு வந்த காலத்து மீன்வளத்தையே இயல்பென்று எடுத்துக்கொள்கிறார்கள், அதற்கு முந்திய இழப்பு கணக்கில் வருவதில்லை என்பது அவரது வாதம். அவர் ஆய்வாளர்களைப் பற்றித்தான் சொன்னார். என் பார்வையில், 2010இல் தொழிலுக்கு வந்த பேசாலை இளைஞனுக்கும் இது பொருந்தும். அவன் சொல்லும் ‘முன்பு’ வேறு, 1983க்கு முன் கடலுக்குப் போன அவன் தாத்தாவின் ‘முன்பு’ வேறு. இடையில் கடல் தடைச் சட்டங்கள் இருந்தன, இந்திய இழுவைப்படகுகள் வந்தன, கடலடி இழுவைமடியை 2017இல் இலங்கை தடைசெய்தது.

இது ஏன் அவசரம் என்றால், 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை ஒன்று வெளியானதும் பொதுமக்கள் கருத்துச் சொல்லச் சட்டம் தரும் அவகாசம் 30 நாட்கள். அதற்குள் வாசித்து, விளங்கி, எழுத வேண்டும். அறிக்கையைக் கையில் எடுத்தால் நான் முதலில் தேடுவது ‘பேஸ்லைன்’ என்ற சொல்லை. அந்த அடிநிலை ஆய்வு எந்த ஆண்டில், எந்த மாதங்களில், தீவின் எந்தக் கரையில் நடந்தது? சோழகக் காலத்தில் மட்டும் எடுத்த தரவை வாடைக் காலத்தோடு ஒப்பிட முடியாது. தென்கரையின் நிலையை வடகரையின் நிலை காட்டாது.

எழுதிக்கொடுக்கும் கருத்திலும் இதையே செய்யலாம். ‘காற்றாலைக்குப் பிறகு மீன் குறைந்துவிட்டது’ என்பதை ‘ஆஃப்டர்’ போட்டு எழுதினால், பிறகு நடந்ததெல்லாம் அதனால் நடந்ததல்ல என்று ஒரு வரியில் ஒதுக்கிவிடுவார்கள். அந்தப் பதிலில் நியாயமும் இருக்கிறது. எந்தப் பாடு, எந்த வலை, எந்த மாதம், 2019இல் எத்தனை கிலோ, இப்போது எத்தனை கிலோ, அதே காலத்தில் காற்றாலை இல்லாத பக்கத்துக் கரையில் எத்தனை கிலோ என்று எழுதினால் பதில் சொல்லத்தான் வேண்டியிருக்கும். மீன் விற்ற பழைய துண்டுகளை வாடிக்குள் எங்காவது செருகி வைத்திருப்பவர்கள் அவற்றை இப்போதே படமெடுத்து வைப்பது நல்லது, ஈரத்தில் மை கலைந்துவிடும்.