தலைமாட்டில் ஒலிக்கும் மணி

சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் தமிழ் மக்களுக்கு ஆஸ்பத்திரி வாசல் புதியதன்று. திருப்பதியில் ரூயா மருத்துவமனையும் ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவ விஞ்ஞானக் கழகமும் உள. சித்தூரார்க்கு வேலூரும் அண்மையிலேயே இருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் காத்து நின்றவர் எவரும், உள்ளிருந்து ஓயாது கேட்கும் எச்சரிக்கை மணியோசையை மறந்திருக்க மாட்டார். ஒவ்வோர் ஓசைக்கும் நம் நெஞ்சு பதறுகிறது. செவிலியரோ நிதானமாக நடக்கிறார். இஃது அலட்சியமா?

பெரும்பாலும் அன்று. நோயாளியின் மார்பில் ஒட்டிய வில்லைகள் இதயத் துடிப்பையும், விரலில் மாட்டிய கவ்வி இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவையும் கருவிக்கு உணர்த்துகின்றன. குறித்த எல்லையைக் கடந்தால் மணி ஒலிக்கும். ஆனால் கருவிக்கு விவேகம் கிடையாது. நோயாளி புரண்டு படுத்தாலும், வியர்வையில் வில்லை நெகிழ்ந்தாலும், விரல் குளிர்ந்தாலும் மணி அடித்துவிடும். சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 461 நோயாளிகளை 31 நாட்கள் கவனித்து, 2014ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். எழுந்த எச்சரிக்கைகள் 25 லட்சத்துக்கும் மேல்! காதில் விழுந்தவை மட்டும் படுக்கை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 187. இதயத் துடிப்பு பிறழ்ந்ததாகக் கூறியவற்றுள் ஆராய்ந்து பார்த்தவற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 89 பொய்.

‘புலி வருது, புலி வருது’ என்று நாள்தோறும் கூவினால், மெய்யாகவே புலி வரும் நாளில் யார் ஓடி வருவர்? செவி மரத்துப்போவது மனித இயல்பு. அதற்காகச் செவிலியரைக் கடிந்து பயனில்லை. எனினும் இப்பிரிவில் நிமிடங்களுக்குள்ள விலையைத் திருப்பதி நன்கறியும். 2021 மே 10ஆம் நாள் இரவு, ரூயா மருத்துவமனையில் பிராணவாயுவின் அழுத்தம் சில நிமிடங்கள் குறைந்தபோது 11 நோயாளிகள் உயிர் நீத்தனர். பிராணவாயு லாரி வரத் தாமதமானதே காரணம் என்றனர் அதிகாரிகள். அது மணி பற்றிய கதையன்று. ஆயினும் மெய்யான ஆபத்து எத்துணை விரைவில் முற்றுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

பரிகாரம் வியப்பூட்டும் அளவுக்கு எளியது. பாஸ்டன் மருத்துவ மையத்தின் இதயநோய்ப் பிரிவொன்றில், உடனே கவனிக்க வேண்டாத எச்சரிக்கைகளின் ஓசையை நிறுத்திவிட்டு, உயிருக்கு இடையூறானவற்றை மட்டும் உரக்க ஒலிக்கச் செய்தனர். அந்தந்த நோயாளியின் நிலைக்கேற்ப எல்லையை மாற்றியமைக்கச் செவிலியர்க்கே உரிமையும் தந்தனர். வாரத்துக்கு 87,823 ஆக இருந்த மணியோசை 9,967 ஆகக் குறைந்தது. மார்பு வில்லைகளை நாள்தோறும் மாற்றுவதும் பொய்மணிகளை வெகுவாகக் குறைக்கிறது. இவற்றுக்கு விலையுயர்ந்த புதுக்கருவி எதுவும் வேண்டாம் என்பதை நம் ஊர் ஆஸ்பத்திரிகளும் கருதலாம்.

நோயாளியின் அருகே செல்ல அனுமதி பெற்ற உறவினர், ஓசை பொறாமல் தாமே பொத்தானை அழுத்தி மணியை அடக்குவதுண்டு. இது மிகவும் ஆபத்தானது. விரல் கவ்வி கழன்றிருந்தாலும் செவிலியரிடமே சொல்லுக. எந்த ஓசை கேட்டால் அவரைக் கூவி அழைக்க வேண்டும் என்பதை, தெலுங்கிலோ தமிழிலோ, முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்க.