முதுகை முறிக்கும் சுமை: குறைப்பதற்கு வழி உண்டு

எண்சாண் உடம்புக்குத் தலையே பிரதானம் என்பார்கள். கட்டடத் தொழிலாளிக்கோ முதுகெலும்பே பிரதானம். அது உள்ளவரை கூலி உண்டு. அது போனால் அடுப்பும் அணைந்து போகும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, சேலம் பகுதிகளிலிருந்து பிழைப்பு தேடி பெங்களூர் வந்த தமிழர்களில் கொத்தனார், பெரியாள், சித்தாள் வேலைக்குச் சென்றவர்கள் ஏராளம். இந்நகரின் வீடுகளிலும் மாளிகைகளிலும் அவர்களது வியர்வை கலந்திருக்கிறது. சாரத்திலிருந்து விழுந்தால் ஊருக்கே செய்தி தெரிகிறது. ஆனால் மூட்டை தூக்கித் தூக்கி முதுகு தேய்ந்தவனின் கதை வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுகிறது.

ஒரு நாளில் எத்தனை சட்டி?

பத்து லிட்டர் கொள்ளும் இரும்புச் சட்டியில் ஈரக் காங்கிரீட்டை நிரப்பினால் எடை ஏறக்குறைய 24 கிலோ. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு ஐந்து அங்குலக் கனத்தில் தளம் போட வேண்டுமானால் சுமார் 28 டன் காங்கிரீட் மேலே போக வேண்டும். அதாவது ஆயிரத்து நூறு சட்டிகளுக்கு மேல்! பம்பு வைத்துத் தளம் போடும் பெரிய கட்டடங்களில் இந்தத் துன்பம் குறைந்துவிட்டது. சந்துக்குள் எழும் சிறிய வீடுகளில் இன்னமும் தலையும் கையும்தான் இயந்திரம்.

எடை மட்டும் கெடுதல் செய்வதில்லை. அதைத் தூக்கும் விதமும் கெடுதல் செய்கிறது. கடப்பாரையால் கல்லை நெம்புகிறவருக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும். முதுகைத் தாங்கும் தசைகள் முதுகெலும்புக்குப் பின்னால் சுமார் ஐந்து சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கின்றன. சுமையை ஐம்பது சென்டிமீட்டர் முன்னால் நீட்டிப் பிடித்தால், அந்தத் தசைகள் சுமையைப் போலப் பத்து மடங்கு விசையுடன் இழுக்க வேண்டும். அந்த அழுத்தம் முழுவதும் இடுப்பு எலும்புகளுக்கு இடையே உள்ள மெத்தை போன்ற வட்டுகள் மீது விழுகிறது. வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தினால், இடுப்பில் தொடங்கும் வலி கால் வரை இறங்குகிறது. தலையில் சுமக்கும் பெண்களுக்கோ கழுத்து தேய்கிறது.

சட்டம் சொல்வது என்ன?

கட்டடத் தொழிலாளர்களுக்காக 1996-ல் மத்திய அரசு தனிச் சட்டம் இயற்றியது. அதன் கீழ் 1998-ல் வகுக்கப்பட்ட விதிகள், ஒருவர் தூக்கக்கூடிய அதிகபட்ச எடையை நிர்ணயித்தன. ஆணுக்கு 55 கிலோ, பெண்ணுக்கு 30 கிலோ. 2025 நவம்பர் 21 முதல், 2020-ல் நிறைவேறிய தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைத் தொகுப்புச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்துள்ளது.

சிமெண்ட் மூட்டையின் எடை 50 கிலோ. ஆகவே அந்த 55 கிலோ வரம்புக்குள் அது அடங்கிவிடுகிறது. ஆனால் வரம்புக்குள் இருப்பதெல்லாம் உடலுக்கு நல்லது என்று பொருளல்ல. அமெரிக்க அரசின் தொழில் சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் 1991-ல் வகுத்த கணக்குப்படி, எல்லா வசதியும் அமைந்த நிலையிலும் ஒருவர் தூக்கத்தக்க எடை 23 கிலோதான். குனிந்தோ, திரும்பியோ, அடிக்கடியோ தூக்கினால் அதுவும் குறையும். பிரிட்டனில் சிமெண்ட் பெரும்பாலும் 25 கிலோ பையில்தான் விற்கப்படுகிறது. நம் நாட்டுத் தர விதிகளிலும் 25 கிலோ பைக்கு இடம் உண்டு. கேட்பார்தான் இல்லை.

வரைபடத்திலேயே தொடங்குகிறது

எந்தக் கல்லை யார் தூக்க வேண்டும் என்பது வேலை தொடங்குமுன் வரைபடத்திலேயே முடிவாகிவிடுகிறது. பெங்களூரில் சுவர் எழுப்பப் பயன்படும் எட்டு அங்குல காங்கிரீட் கட்டி ஒன்று 30 கிலோவுக்கு மேல் இருக்கும். அதே கனமுள்ள சுவரை எடை குறைந்த காற்றூட்டிய கட்டியில் கட்டினால், நீளம் அதிகமாக இருந்தும் ஒன்றின் எடை 15 கிலோ அளவுதான்.

இந்நகரின் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1974-ல் தொடங்கப்பட்ட 'ஆஸ்ட்ரா' மையம், மண்ணுடன் சிறிது சிமெண்ட் சேர்த்துக் கையால் இயக்கும் அச்சில் அழுத்திக் கட்டி செய்யும் முறையை வளர்த்தது. அதன் எடை சுமார் எட்டு கிலோதான். மனையிலேயே செய்துகொள்வதால் லாரியிலிருந்து இறக்கிச் சுமக்கும் வேலையும் மிச்சம்.

சமையலறைக்கு எட்டடி நீளம், இரண்டடி அகலத்தில் ஒரே கிரானைட் பலகை வேண்டும் என்று கேட்கிறோம். அதன் எடை 75 கிலோவுக்கு மேல். அதை மாடிக்கு ஏற்றுகிறவரின் இடுப்பை யாரும் நினைப்பதில்லை. இரண்டு துண்டாகப் போட்டால் அழகு குறைந்துவிடாது. மாடிப்படியை முதலிலேயே கட்டி முடித்தால் ஏணியில் சுமை ஏற்றும் ஆபத்தும் நீங்கும். பிரிட்டனில் 1995 முதலே, கட்டுகிறவர்களின் பாதுகாப்பை எண்ணித்தான் கட்டடத்தை வடிவமைக்க வேண்டும் என்பது வரைபடம் தயாரிப்பவரின் சட்டப்பூர்வமான கடமை.

கடன் வாங்கிச் சொந்த வீடு கட்டும் குமாஸ்தாக்களும் இதை எஞ்சினியரிடம் கேட்கலாம். கேள்விக்குச் செலவில்லை.

வேலையிடத்தில் செய்யத்தக்கவை

கல்லும் மணலும் வேலை நடக்கும் இடத்துக்கு அருகிலேயே இறங்க வேண்டும். தரையில் குவிக்காமல் முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட உயரத்தில் பலகை போட்டு அடுக்கினால் குனிய வேண்டியதில்லை. கொத்தனாரின் கலவைச் சட்டிக்கும் அப்படியே. சமதளத்தில் தள்ளுவண்டி, மாடிக்குக் கப்பி. ஒற்றைக் கப்பி இழுக்கும் திசையை மட்டுமே மாற்றும். சுமையோடு நகரும் இன்னொரு கப்பியும் சேர்ந்தால் இழுக்கும் பாரம் ஏறக்குறைய பாதியாகும்.

சுமையைத் தூக்கும்போது முழங்காலை மடித்து, வயிற்றோடு அணைத்து எழ வேண்டும். திரும்புவதற்குப் பாதத்தை நகர்த்த வேண்டும்; இடுப்பை முறுக்கக் கூடாது. மூட்டைக்கு இருவர் கை கொடுப்பது கௌரவக் குறைவல்ல.

எழுத்தில் இருக்கட்டும்

முதுகுவலி ஒரே நாளில் வருவதில்லை. ஆகவே 'வேலையில் வந்தது' என்று பின்னால் நிரூபிப்பது கடினம். சுளுக்கோ, பிடிப்போ ஏற்பட்ட அன்றே மேஸ்திரியிடம் சொல்லி, வேலையிடப் பதிவேட்டில் எழுதச் செய்து, மருத்துவரின் சீட்டைப் பத்திரப்படுத்துவது நல்லது. பதிவேடு எழுதும் குமாஸ்தா தமிழராக இருந்தால், அந்த ஒரு வரி ஒரு குடும்பத்துக்கு அவர் செய்யும் பேருதவி.

கர்நாடகக் கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில், கடந்த ஓராண்டில் 90 நாள் கட்டட வேலை செய்த, 18 முதல் 60 வயது வரையுள்ள தொழிலாளர்கள் பதிவு செய்துகொள்ளலாம். தமிழ்நாட்டுக்காரர் என்பதற்காக அந்த உரிமை மறுக்கப்படுவதில்லை. பதிவு இல்லாதவருக்கு வாரியத்தின் உதவி கிடைக்காது என்பதை மறந்துவிடக் கூடாது.

தேய்ந்த கடப்பாரையைக் கொல்லனிடம் கொடுத்துக் கூர் தீட்டிக்கொள்ளலாம். தேய்ந்த முதுகைத் தீட்டித் தர எந்தப் பட்டறையும் இல்லை.