பாசியின் பெயரும் பரம்பரையும்

கடற்கரைப் பாறைகளில் இலைபோல் விரிந்து கிடக்கும் பச்சைப்பாசி ஒன்று உண்டு. அதற்கு உல்வா என்று பெயர். அதன் அருகிலேயே குழல்போல் நீண்டு அலையில் ஆடும் வேறொரு பச்சைப்பாசியையும் காணலாம். இவ்விரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவையா, அல்லது வெவ்வேறானவையா? எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு உறுதியான விடை கிடைக்க 250 ஆண்டுகள் ஆயின.

சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1753ஆம் ஆண்டில் இரண்டையும் உல்வா என்னும் ஒரே பேரினத்தில் வைத்தார். 1820இல் செருமானியத் தாவரவியல் அறிஞர் லிங்க், குழல் வடிவப் பாசிகளைப் பிரித்தெடுத்து, என்டிரோமார்பா என்னும் புதிய பெயரிட்டார். குடல் வடிவம் உடையது என்பது அதன் பொருள். அவர் செய்த பிரிவினை காரணமற்றதன்று. தகட்டுப்பாசியில் உயிரணுக்கள் ஈரடுக்காக அமைந்துள்ளன. குழற்பாசியின் சுவரோ ஓரடுக்கே உடையது. கண்ணால் காணும் சான்று இவ்வளவு தெளிவாக இருக்கும்போது ஐயுறுவார் யார்? பாடநூல்களும் அதனையே ஏற்றுக்கொண்டன.

ஆயினும், பாசிகளின் வடிவத்தை முழுவதும் நம்ப இயலாது. மாமரத்தையும் புளியமரத்தையும் வேறுபடுத்த இலை, பூ, காய் எனப் பல அடையாளங்கள் உள்ளன. பாசிகளுக்குப் பூவும் இல்லை, காயும் இல்லை. இருக்கும் சில அடையாளங்களும் சூழலுக்கேற்ப மாறுகின்றன. நீரில் உள்ள உப்பின் அளவு மாறினால் சில உல்வாக்களின் கிளைப்பு மாறுகிறது. உடன் வாழும் சில பாக்டீரியாக்கள் இல்லாவிட்டால் உல்வா தன் இயல்பான உருவத்தையே பெறாமல், ஒழுங்கற்ற உயிரணுக் குவியலாக நின்றுவிடுகிறது. உருவம் ஏமாற்றுமாயின் உறவை எவ்வாறு அறிவது?

இதற்கான வழியைப் புரிந்துகொள்ள ஓலைச்சுவடிகளை நினைத்துப் பார்க்கலாம். உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தபோது, ஒரு சுவடியை மட்டும் நம்பவில்லை. பல சுவடிகளைத் தேடித் திரட்டி ஒப்புநோக்கினார். ஏடெழுதுவோர் ஒரு சுவடியைப் பார்த்து மற்றொன்றை எழுதும்போது சிற்சில எழுத்துகள் மாறிவிடும். அந்தச் சுவடியிலிருந்து பின்னர் எடுக்கப்படும் படிகளிலும் அதே மாற்றம் தொடரும். ஆகவே, ஒரே பிழையைப் பல இடங்களில் பகிர்ந்துகொள்ளும் இரு சுவடிகள் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று கருதலாம். சுவடியின் கட்டும் கயிறும் எப்படி இருந்தாலும் பிழைகள் பரம்பரையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

உயிரணுவுக்குள் இருக்கும் டி.என்.ஏ. மூலக்கூறும் அத்தகைய ஒரு சுவடியே. அடினைன், குவானைன், சைட்டோசின், தைமின் என்னும் நான்கே எழுத்துகளால் அது எழுதப்பட்டுள்ளது. தலைமுறைதோறும் அது படியெடுக்கப்படுகிறது. அரிதாக எழுத்து மாறுகிறது. மாறிய எழுத்து வழிவழியாக நிலைக்கிறது. அறிஞர்கள் பல பாசிகளிலிருந்து ஒரே மரபணுவைப் பிரித்தெடுத்து, எழுத்துகளை வரிசைப்படுத்தி, கணினியின் துணையோடு ஒப்பிடுகின்றனர். எந்த மரபணுவைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் திறமை இருக்கிறது. ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வுக்குரிய மரபணு மிக மெதுவாக மாறுவது. தொலைதூர உறவுகளை அறிய அது ஏற்றது. ரைபோசோம் மரபணுக்களுக்கு இடைப்பட்ட பகுதி விரைவாக மாறுவது. நெருங்கிய உறவினரைப் பிரித்தறிய அது உதவும். ஒரே மரபணுவை நம்பினால், ஒரே சுவடியை நம்பிய பதிப்பாசிரியரைப்போல் இடர்ப்பட நேரும்.

இம்முறையில் உல்வாவும் என்டிரோமார்பாவும் ஆராயப்பட்டன. முடிவு 2003இல் வெளியாயிற்று. தகடுகள் ஒரு கிளையிலும் குழல்கள் மற்றொரு கிளையிலும் அமையவில்லை. இரண்டும் ஒன்றோடொன்று கலந்தே நின்றன. என்டிரோமார்பா என்னும் தனிப்பேரினம் இல்லை. லின்னேயசின் முடிவே சரியானது.

இது பெயரைப் பற்றிய பூசல் மட்டுமன்று. 2008ஆம் ஆண்டு ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டி தொடங்கும் முன்பு, சீனத்தின் சிங்தாவோ கடற்பரப்பைப் பச்சைப்பாசி மூடியது. அகற்றப்பட்ட பாசி 10 இலட்சம் டன்னுக்கும் மிகுதி. அது முன்னர் என்டிரோமார்பா எனப்பட்ட உல்வா புரொலிபெரா. அதனை ஒத்த வேறு பாசிகளும் அக்கடலில் இருந்தமையால், கண்ணால் பார்த்து மட்டும் ஊற்றிடத்தைக் கண்டறிவது கடினம். செயற்கைக்கோள் படங்களும் மரபணு ஒப்பீடும் சேர்ந்து, தெற்கே சியாங்சு கடற்கரையில் உணவுக்காகச் செம்பாசி வளர்க்கும் மிதவைப் பண்ணைகளைச் சுட்டின.

மூலக்கூற்றுச் சான்று சில பழைய எண்ணங்களைக் கலைத்தும் உள்ளது. இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படும் மா.ஓ. பார்த்தசாரதி அய்யங்கார், சென்னையில் பணியாற்றிய அறிஞர். அவர் 1932இல் ஈரமண்ணில் வாழும் ஒரு பச்சைப்பாசியை உலகுக்கு அறிமுகம் செய்து, இலண்டன் பேராசிரியர் பிரிட்சைச் சிறப்பிக்கும் வகையில் பிரிட்சியெல்லா என்று பெயரிட்டார். மண்ணுக்குள் வேர்போன்ற இழைகள், தரையோடு படரும் பகுதி, மேல்நோக்கி நிமிரும் கிளைகள் என அதன் உடல் சிறுசெடியை நினைவூட்டியது. நிலத்தாவரங்களின் மூதாதையர் இவ்வாறு இருந்திருக்கலாம் என்று பலர் எண்ணினர். மரபணுக்கள் வேறு கதை கூறின. பச்சைப்பாசிகள் இரு பெருங்கிளைகளாகப் பிரிந்துள்ளன. பிரிட்சியெல்லா ஒரு கிளையிலும் நிலத்தாவரங்கள் மற்றொன்றிலும் உள்ளன. நெல்லுக்கும் தென்னைக்கும் மிக நெருங்கிய பாசி உறவினர், குளத்தில் பச்சை நூலாக மிதக்கும் எளிய ஸ்பைரோகைராவின் கூட்டத்தினரே. அய்யங்கார் கண்டறிந்ததன் மதிப்பு இதனால் குறையவில்லை. அவர் எழுதிவைத்த நுட்பமான விளக்கம் இன்றும் பயன்படுகிறது.

லின்னேயசின் கதையிலும் ஒரு திருப்பம் எஞ்சியிருந்தது. அவர் உல்வா லாக்டுகா என்று பெயரிட்ட பாசியின் உலர்ந்த மாதிரி பாதுகாக்கப்பட்டு வந்தது. ஐரோப்பியர் தம் குளிர்கடலில் வளரும் பாசிக்கே அப்பெயரை நெடுங்காலம் வழங்கினர். அந்த மாதிரியின் சிறுதுணுக்கிலிருந்து பெறப்பட்ட டி.என்.ஏ. பற்றிய ஆய்வு 2019இல் வெளிவந்தது. அது குளிர்கடலைச் சேர்ந்ததன்று. உல்வா பேசியேட்டா என்று இந்தியக் கடற்கரைகளில் அழைக்கப்பட்டுவந்த வெப்பக்கடல் பாசியே அது. வடகடல் பாசிக்கு இப்போது உல்வா பெனஸ்டிரேட்டா என்னும் பெயர் வழங்குகிறது.