தொற்றுக்காலத்துப் பெருநாள்கள்: கல்முனைக் கரை தந்த பாடம்

கரையோரச் சிறு நகரம் ஒன்றில் பண்டிகைக் காலம் நெருங்கிவிட்டது என்பதை முதலில் உணர்த்துவது கடைத்தெருவாகும். துணிக்கடைகளில் நெரிசல், தையற்காரர் வீட்டில் நள்ளிரவு கடந்தும் அணையாத விளக்கு, கொழும்பிலிருந்து பொதிகளுடன் வந்திறங்குவோரால் நிறையும் பஸ் தரிப்பிடம், அயல்வீட்டுக்குப் பலகாரத் தட்டுடன் ஓடும் சிறுவர் என்பன அதன் அடையாளங்கள். இவை யாவும் மனிதர் கூடுவதால் நிகழ்பவை. தொற்றுநோயும் மனிதர் கூடுமிடத்திலேயே பரவுகின்றது. கொவிட்-19 பரவிய 2020, 2021ஆம் ஆண்டுகளில் நமது பண்டிகைகள் எதிர்கொண்ட சிக்கல் இதுவேயாகும். அது எவ்வாறு கையாளப்பட்டது, எங்கே தவறு நேர்ந்தது என்பதைக் கல்முனைக் கரையை முன்னிறுத்தி நோக்குவது பயனுடையது என நாம் கருதுகின்றோம். இன்னொரு தொற்று வராது என எவரும் உறுதி கூற முடியாதாகையால், இது பழங்கதை பேசுவதாகாது.

மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று நோக்கிச் செல்லும் பிரதான வீதியில் பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என ஊர்கள் இடைவெளியின்றித் தொடர்கின்றன. கிழக்கே கடல், மேற்கே வயல். இடையேயுள்ள ஒடுங்கிய நிலப்பரப்பில் தமிழரும் முஸ்லிம்களும் அயலவராக வாழ்கின்றனர். வீடுகளுக்கிடையே மதில் ஒன்றுக்கு மட்டுமே இடமுள்ள இத்தகைய குடியிருப்புகளில், மனிதருக்கிடையே ஒரு மீற்றர் இடைவெளி பேணுமாறு கூறுவது எளிது; நடைமுறைப்படுத்துவது கடினம்.

2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அதற்கு முன்னரே ஜும்ஆ உள்ளிட்ட கூட்டுத் தொழுகைகளை நிறுத்துமாறு அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா பள்ளிவாசல்களைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஏப்ரல் 12ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு, அதனைத் தொடர்ந்து சித்திரைப் புத்தாண்டு, மே 24ஆம் திகதி நோன்புப் பெருநாள் என மூன்றும் வீட்டுக்குள்ளேயே கழிந்தன. பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி பெறக் காத்திருக்கும் வரிசை அவ்வாண்டு இல்லை. கைத்தறிக்குப் பெயர்பெற்ற மருதமுனையின் நெசவாளர்கள் எதிர்பார்த்திருக்கும் இரு விற்பனைக் காலங்களும் ஒருசேரக் கைநழுவின. எனினும், கூடாதே என்ற அந்த விதி எல்லாச் சமயத்தவருக்கும் ஒரே அளவில் சுமையாக இருந்தது. அதனால் மக்கள் அதனைப் பொறுத்துக்கொண்டனர்.

ஆண்டின் பிற்பகுதியில் வேறொரு துன்பம் சேர்ந்தது. ஒக்டோபரில் மினுவாங்கொடைக் கொத்தணியைத் தொடர்ந்து பேலியகொடை மீன் சந்தையில் தொற்றாளர்கள் கண்டறியப்பட்டனர். சந்தையில் நோய் பரவக் காரணம் நெரிசலும் நெருங்கிய தொடர்புமேயன்றி மீன் அன்று. சமைத்த மீனை உண்பதால் தொற்று ஏற்படும் என்பதற்குச் சான்று எதுவும் இருக்கவில்லை. ஆயினும் மக்கள் மீன் வாங்க அஞ்சினர். அவ்வச்சத்தைப் போக்குவதற்காக முன்னாள் மீன்பிடித்துறை அமைச்சர் திலிப் வெதஆராச்சி நவம்பரில் ஊடகவியலாளர் முன்னிலையில் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். கொழும்பில் அது வேடிக்கையாகத் தோன்றியிருக்கலாம். கிழக்குக் கரையில் அவை கடல் கொந்தளித்துக் கரைவலைகள் ஓயும் மாதங்கள். மிஞ்சியிருந்த சிறு வருமானமும் சுருங்கிய அந்நிலையிலேயே நவம்பர் 14ஆம் திகதி தீபாவளி வந்தது.

நவம்பர் இறுதியில் அக்கரைப்பற்றுச் சந்தைக் கொத்தணி காரணமாக அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு, அட்டாளைச்சேனைப் பகுதிகள் தனிமைப்படுத்தப்பட்டன. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே சந்தையில் கொள்வனவு செய்பவர்கள் என்பதால் தொற்றும் இரு சாராரையும் பற்றியது. டிசெம்பர் தொடக்கத்தில் புரெவி புயல் கரை கடந்தது. நத்தார் ஆராதனைகள் மட்டுப்படுத்தப்பட்ட தொகையினருடன் நடந்தேறின. மறுநாள் ஆழிப்பேரலையின் பதினாறாவது ஆண்டு நினைவு நாள். 2004இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த அம்பாறை மாவட்டத்தில் நத்தார் மகிழ்ச்சிக்கும் நினைவஞ்சலிக்கும் இடையே ஓரிரவே உள்ளது. அதற்கு இரு நாள்களின் பின்னர் கல்முனை நகரின் ஒரு பகுதியும் தனிமைப்படுத்தப்பட்டது. ஆங்கிலப் புத்தாண்டு மூடப்பட்ட வீதிகளுக்குள் பிறந்தது.

இவற்றையெல்லாம் மக்கள் தாங்கிக்கொண்டனர். தாங்க முடியாதிருந்தது, இறந்தோர் தொடர்பான விதியாகும். கொவிட்டினால் இறந்த அனைவரும் தகனம் செய்யப்பட வேண்டும் என 2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி கட்டாயமாக்கியது. அடக்கமும் தகனமும் ஏற்கத்தக்கவை என உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருந்தது. அவ்விதியை எதிர்த்த மனுக்களை உயர் நீதிமன்றம் டிசெம்பர் 1ஆம் திகதி நிராகரித்தது. அம்மாதத்திலேயே பிறந்து இருபது நாள்களேயான முஸ்லிம் சிசுவொன்றின் உடல் தகனம் செய்யப்பட்டபோது, பொரளை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டித் தமது துயரைத் தெரிவித்தனர். அடக்கத்தை அனுமதிக்கலாம் என இலங்கையின் சமுதாய மருத்துவ நிபுணர் கல்லூரியும் இலங்கை மருத்துவ சங்கமும் கூறிய பின்னரும் விதி உடனடியாக மாறவில்லை.

ஏட்டளவில் இவ்விதியும் அனைவருக்கும் பொதுவானதே. ஆனால் அதன் முழுச் சுமையும் அடக்கத்தைக் கடமையாகக் கொண்டோர் மீதே விழுந்தது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர் ஏலவே சந்தேகக் கண்ணுடன் நோக்கப்பட்ட ஒரு சமூகத்துக்கு அது இரட்டை வேதனையாயிற்று. வீட்டில் முதியவருக்குக் காய்ச்சல் கண்டால் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதா, மறைப்பதா என்று குடும்பங்கள் தடுமாறின. நோயை மறைக்கத் தூண்டும் விதி சுகாதார விதியாகாது. பெருநாள் தொழுகை முடிந்ததும் மையவாடிக்குச் சென்று தம்மவருக்காகப் பிரார்த்திப்பது பல குடும்பங்களின் வழக்கம். உறவினரின் உடல் எரியூட்டப்பட்ட குடும்பத்துக்கு அவ்வாறு சென்று நிற்க ஓர் இடமில்லை. அவர்களுக்கு அத்தொற்றுக்காலம் ஒவ்வொரு பெருநாளிலும் திரும்பி வருகின்றது.

இவ்விடயத்தில் இக்கரை கண்ட ஒரு நல்ல நிகழ்வையும் பதிவு செய்தல் வேண்டும். 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடைபெற்ற பேரணி கல்முனையூடாகச் சென்றது. தமிழரின் கோரிக்கைகளுடன் ஜனாஸா எரிப்பை நிறுத்துமாறும் அதில் குரல் எழுந்தது. முஸ்லிம்களும் உடன் நடந்தனர். பிரதேச செயலக விவகாரத்தில் இரு சமூகத்தவரும் முரண்பட்டு நின்ற கல்முனையில் அது சிறிய விடயமன்று. அம்மாதம் 25ஆம் திகதி அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. மார்ச் முதல் ஓட்டமாவடியில் அடக்கம் செய்யப்பட்ட 3,600க்கும் மேற்பட்டோரில் பெரும்பாலானோர் முஸ்லிம்களாயினும், இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் அங்கே துயில்கின்றனர். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. தவறை ஏற்றது வரவேற்கத்தக்கது. ஆனால் அது காலங்கடந்த ஏற்பு.

இதனால் பண்டிகைக் காலக் கட்டுப்பாடுகள் யாவும் வீண் என்று கொள்ளலாகாது. 2021 சித்திரைப் புத்தாண்டுக்குக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. கடைத்தெருக்களும் பஸ்களும் நிரம்பி வழிந்தன. வேகமாகப் பரவும் அல்பா திரிபும் அவ்வேளை நாட்டினுள் இருந்தது. ஏப்ரல் நடுப்பகுதியில் நாளொன்றுக்குச் சில நூறாக இருந்த தொற்றாளர் தொகை மே மாதத்தில் இரண்டாயிரத்தைத் தாண்டியது. விளைவாக மே 14ஆம் திகதி நோன்புப் பெருநாள் மீண்டும் பயணத்தடைக்குள் கழிந்தது. ஒரு பண்டிகையின் தளர்வுக்கு அடுத்த பண்டிகை விலை கொடுத்தது.

ஆகவே அடுத்த தொற்று வருமுன் செய்யவேண்டியவை தெளிவானவை. மூச்சுக்காற்றால் பரவும் நோய் அடைத்த மண்டபத்திலும் நெரிசலான பஸ்ஸிலும் பரவும் அளவுக்குத் திறந்த கடற்கரைத் திடலில் பரவுவதில்லை. எனவே தொழுகையையும் பூசையையும் ஆராதனையையும் முற்றாகத் தடுப்பதற்கு முன், அவற்றைத் திறந்த வெளிக்கு மாற்ற இயலுமா என ஆராய வேண்டும். விதிகளை வகுக்கையில் சுகாதார வைத்திய அதிகாரியுடன் கோயில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாகத்தினரும் ஒரே மேசையில் அமர வேண்டும். அறிவித்தல்கள் மக்களின் மொழியில், முதல் நாளே வர வேண்டும். தனிமைப்படுத்தப்படும் ஊரின் கடற்றொழிலாளருக்கும் நெசவாளருக்கும் நாட்கூலியாளருக்கும் நிவாரணம், வீதி மூடப்படும் நாளிலேயே கிடைக்க வேண்டும். இறந்தோரின் இறுதிக் கடன் தொடர்பாக, விஞ்ஞானச் சான்று இல்லாத கட்டுப்பாடு எதுவும் விதிக்கப்படலாகாது என்பது சட்டத்தில் இடம்பெற வேண்டும்.

கூடாமல் ஒரு பெருநாளைக் கழிக்க இக்கரை மக்கள் ஆயத்தமாகவே இருந்தனர். அதனைச் செய்தும் காட்டினர். அவர்கள் அரசிடம் எதிர்பார்த்தது, தமது பொறுமைக்கு ஈடான நீதியையே ஆகும்.