சிறு வாகன விபத்தும் நமது கடமையும்

நம் கிராமங்களுக்குச் சாலைகள் வந்துவிட்டன. சாலைகளின் பின்னே வாகனங்களும் வந்துவிட்டன. கட்டைவண்டியும் கால்நடையும் சென்ற வழியில் இன்று காரும் டிராக்டரும் மோட்டார் சைக்கிளும் விரைகின்றன. பெரிய விபத்து நேர்ந்தால், போலீசாரும் ஆம்புலன்சும் வந்து ஆவனவற்றைச் செய்கின்றனர். சிறு விபத்து நேரும்போதுதான் என்ன செய்வதென்று அறியாமல் மக்கள் தடுமாறுகின்றனர்.

பொதுவாக நடப்பது இதுதான். சைக்கிளில் வரும் விவசாயத் தொழிலாளி ஒருவரைக் கார் ஒன்று இடித்துவிடுகிறது. ஊரார் கூடுகின்றனர். சிலர் காரோட்டியை அடிக்கப் பாய்கின்றனர். சிலர் சமாதானம் பேசுகின்றனர். முடிவில் ஐந்நூறோ ஆயிரமோ கைமாற, கார் போய்விடுகிறது. இரண்டு நாள் சென்றபின் கால் வீங்கி, எலும்பில் விரிசல் என்று டாக்டர் கூறும்போது, அந்தக் காரின் எண்கூட யாருக்கும் தெரிவதில்லை. மாதக்கணக்கில் கூலியிழந்து அக்குடும்பம் கடன்படுகிறது. எழுத்தில் பதியாத சமாதானம் ஏழைக்கு எவ்விதப் பாதுகாப்பும் ஆகாது என்பதை நாம் உணர வேண்டும்.

ஆகையால், விபத்து நேர்ந்தவுடன் செய்ய வேண்டியவற்றை முறைப்படி அறிந்துகொள்வது நலம்.

முதலாவது, வண்டியை உடனே நிறுத்த வேண்டும். இஞ்சினை அணைத்து, எச்சரிக்கை விளக்கை எரியவிட்டு, பின்னால் வரும் வாகனங்களுக்கு ஆள் நிறுத்திச் சைகை காட்டச் செய்ய வேண்டும். முதல் விபத்தைக் காட்டிலும், கூட்டத்தின்மீது மோதும் இரண்டாம் விபத்து கொடியது. வண்டி மின்கம்பத்தில் மோதியிருந்தால், மின்சாரம் நிறுத்தப்படும் வரையில் அறுந்த கம்பியின் அருகே எவரும் செல்லலாகாது.

இரண்டாவது, காயமடைந்தவரைக் கவனிக்க வேண்டும். 108 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்தால் ஆம்புலன்ஸ் வரும். கழுத்திலோ முதுகிலோ வலி என்பவரைத் தூக்கி உட்கார வைப்பதும், மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது. இரத்தம் வழிந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். தலையில் அடிபட்டவர் எழுந்து நடந்தாலும் அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதே அறிவுடைமை. வாந்தி, மயக்கம், ஓயாத தலைவலி ஆகியவை சில மணி நேரம் கழித்தே தோன்றக்கூடும். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பெற்ற ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டமானது, சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைப் பட்டியலிலுள்ள ஆஸ்பத்திரிகளில் இலவசமாக அளிப்பதற்கென்றே ஏற்பட்டது.

உதவி செய்தால் வழக்கில் சிக்க நேரும் என்று அஞ்சுவோர் பலர். அவ்வச்சம் தேவையற்றது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 134-ஏ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவியவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. உதவியவர் தம் பெயரைக் கூற வேண்டுமென்ற கட்டாயமும் இல்லை.

மூன்றாவது, விவரங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். வண்டி எண், ஓட்டியவர் பெயர், முகவரி, ஓட்டுநர் உரிமம், இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பெயர், பாலிசி எண், நேரில் கண்டவர் இருவரின் பெயர்கள் ஆகியவை போதும். வண்டிகளை நகர்த்துமுன் அவை நின்ற நிலையைக் கைப்பேசியில் படமெடுத்து வைப்பது பல வாதங்களைத் தீர்க்கும். ஆடு மாடுகள் காயமுற்றிருப்பின் கால்நடை டாக்டரிடம் காட்டிச் சான்று பெற வேண்டும்.

நான்காவது, போலீசாருக்கு அறிவிக்க வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவின்படி, ஒருவர் காயமுற்றாலும், பிறர் சொத்துக்குச் சேதம் நேர்ந்தாலும், ஓட்டியவர் கூடிய விரைவிலும், எப்படியும் 24 மணி நேரத்துக்குள்ளும் காவல் நிலையத்தில் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். தம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அவர் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். கொடுத்த மனுவுக்கு ரசீது பெற்றுப் பத்திரப்படுத்துவது இரு தரப்பாருக்கும் நல்லது.

மற்றவருக்கு நேரும் நஷ்டத்துக்கான இன்ஷூரன்ஸ் ஒவ்வொரு வண்டிக்கும் கட்டாயமாகும். டிராக்டரும் இதற்கு விலக்கல்ல. ஆனால் தம் சொந்த வண்டியின் பழுதுக்குப் பணம் பெற, அதற்கான பாலிசியும் எடுத்திருக்க வேண்டும்; கம்பெனியார் பார்வையிடுமுன் பழுது பார்க்கலாகாது. டிராக்டர் டிரெய்லரில் ஆட்களை ஏற்றிச் செல்வது, கம்பெனி பொறுப்பை மறுக்க வழி தேடிக்கொடுப்பதாகும்.

காயமுற்றவர் மோட்டார் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். தாம் வசிக்கும் எல்லைக்குரிய தீர்ப்பாயத்திலேயே அதைக் கொடுக்கலாம். 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதற்கு 6 மாதக் காலவரம்பை விதித்தது. ஆகையால், ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும் மருந்து ரசீதுகளையும் சேர்த்து வைத்து, காலம் கடத்தாமல் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞருக்குச் செலவிட இயலாத ஏழைகள் வட்டச் சட்டப் பணிகள் குழுவை நாடலாம்.

ஊராட்சி அங்கத்தினர்களின் பொறுப்பு இதில் பெரிது. கூட்டத்தை அடக்குதல், காரோட்டியை அடிபடாமல் காத்தல், காயமுற்றவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புதல், விவரங்களை எழுதி வாங்குதல் ஆகியவை அவர்கள் செய்யத்தக்க பணிகள். குற்றம் யாருடையது என்று அந்த இடத்திலேயே தீர்ப்புக் கூறுவது அவர்கள் பணியன்று. அவசரச் செலவுக்கு ஓட்டியவர் பணம் கொடுத்தால் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் ‘இனி வழக்கில்லை’ என்று கைநாட்டு வாங்க எவரும் துணைபோகக் கூடாது.

வருமுன் காப்பதும் நம் கடமையே. தார்ச்சாலையில் நெல்லையும் சோளத்தையும் உலர்த்தி, அதைச் சுற்றிக் கற்களை வைக்கும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். களத்துமேடில்லாத ஊர்களில் உலர்களம் அமைக்க ஊராட்சி முயல வேண்டும். வளைவுகளை மறைக்கும் கருவேல முட்களை வெட்ட வேண்டும். இரவில் நிறுத்தும் டிரெய்லர்களின் பின்புறத்தில் ஒளிரும் பட்டை ஒட்ட வேண்டும்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இவ்விஷயங்களைப் படித்து விளக்குவதுடன், 108, காவல் நிலையம், மின்வாரிய அலுவலகம் ஆகியவற்றின் தொலைபேசி எண்களை ஊராட்சி அலுவலகச் சுவரிலும் பஸ் நிறுத்தத்திலும் பெரிய எழுத்தில் எழுதிவைக்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.