முள் சொல்வது உண்மைதானா?
பழைய வானின் எரிபொருள் மானியைச் சீர்செய்வது எப்படி

கிராமத்தில் ஓடும் ஒரு வான் அதன் சொந்தக்காரருக்கு மட்டும் உரியதல்ல. காலையில் பிள்ளைகளைப் பாடசாலைக்கும், பகலில் மரக்கறி மூடைகளைச் சந்தைக்கும், சில இரவுகளில் நோயாளியை ஆஸ்பத்திரிக்கும் ஏற்றிச் செல்வது அதுவேயாகும். 1990 இலக்க அம்புலன்ஸ் சேவை வந்த பின்னரும், உட்கிராமங்களில் அவசரத்துக்கு முதலில் கதவு தட்டப்படுவது வான்காரரின் வீட்டில்தான்.

எமது பகுதிகளில் ஓடும் வான்களில் பெரும்பாலானவை யப்பானில் ஓடி முடித்து இங்கு இறக்குமதியானவை. யப்பானிலும் எம்மைப் போலவே வீதியின் இடப்பக்கமாக வாகனம் ஓட்டுவதால், அவற்றின் ஸ்ரியரிங் எமக்கு ஏற்ற பக்கத்தில் இருக்கிறது. மக்கள் 'டொல்பின்' என்று செல்லமாக அழைக்கும் ரொயோட்டா ஹைஏஸ் வான்கள் முப்பது வருடங்களைக் கடந்தும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இல்தான் மீண்டும் பரவலாக அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கையிலிருந்த பழைய வாகனத்தைக் காப்பாற்றி ஓடுவதைத் தவிர எம்மவர்க்கு வேறு வழி இருக்கவில்லை.

இவ்வாறான பழைய வாகனங்களில் இயந்திரம் நன்றாக இருக்கும். ஆனால் பெற்றோல் கேஜ் எனப்படும் எரிபொருள் மானி பொய் சொல்லும். "அது வேலை செய்யாது, நான் குத்துமதிப்பாக ஓடுவேன்" என்று சாரதிகள் சிரித்துக்கொண்டே கூறுவதை நாம் கேட்டிருக்கிறோம். இது சிரிப்புக்குரிய விடயமல்ல என்பதையும், பெரும்பாலான வேளைகளில் மிகச் சிறிய செலவில் திருத்தக்கூடியது என்பதையும் இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

ஒரு கிளினிக் பயணம்

கிளிநொச்சிப் பக்கத்துக் கராஜ் ஒன்றில் இளம் வான் சாரதி ஒருவரைச் சந்தித்தோம். சிறுநீரக நோயாளர் சிலரைக் கிராமத்திலிருந்து மாதாந்தக் கிளினிக்குக்காக வவுனியா ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்வது அவருடைய வாடிக்கை. ஒருநாள் விடியற்காலை, காட்டு வழியில் வான் நின்றுவிட்டது. முள் அரைத் தாங்கி எனக் காட்டியது. தாங்கியிலோ ஒரு சொட்டு டீசல்கூட இல்லை. டீசல் எடுத்துவந்து ஊற்றிய பின்னரும் குழாய்களில் காற்றுப் புகுந்திருந்ததால் இயந்திரம் உடனே இயங்கவில்லை. ஆஸ்பத்திரியை அடைந்தபோது இரத்தப் பரிசோதனைக்கு இலக்கம் கொடுத்து முடிந்துவிட்டது. வெறும் வயிற்றுடன் வந்த வயோதிபர்கள் அப்படியே திரும்பினர்.

மானிதான் பழுது என்று எண்ணிய சாரதி, பழைய உதிரிப்பாகக் கடையில் முழு மீற்றர் போட்டையும் வாங்கிப் பூட்டினார். முள் மீண்டும் அரைவாசியிலேயே நின்றது.

"அண்ணை, நேற்றும் அரைவாசி, இண்டைக்கும் அரைவாசி. புது மீற்றரும் அதைத்தான் சொல்லுது" என்றார் அவர்.

"தம்பி, முன்னுக்குக் கழட்ட முதல் பின்னுக்குப் பார்த்திருக்க வேணும். முள் தானாக ஒண்டும் சொல்லாது. தாங்கி சொல்லுறதைத்தான் அது திருப்பிச் சொல்லுது" என்றார் மூத்த மெக்கானிக்.

அந்த ஒரு வசனத்தில் முழுப் பாடமும் அடங்கியிருக்கிறது.

மானி எவ்வாறு வேலை செய்கிறது?

தாங்கிக்குள் ஒரு மிதவை இருக்கிறது. கிணற்று வாளி போல எரிபொருளின் மட்டத்துடன் அது ஏறி இறங்கும். மிதவையின் கை, மின்தடை கொண்ட ஒரு தகட்டின் மேல் உரசிச் செல்லும். இந்த முழுத் தொகுதியையும் கராஜ்காரர் 'ராங்க் யூனிற்' என்பர். மட்டம் மாறும்போது மின்தடை மாறுகிறது, அதற்கேற்ப மானிக்குச் செல்லும் மின்னோட்டம் மாறுகிறது, முள் நகர்கிறது.

பழைய ரொயோட்டா வாகனங்கள் பலவற்றில் தாங்கி நிறைந்திருக்கும்போது மின்தடை சுமார் 3 ஓம். அரைவாசியில் 32 ஓம் அளவில். வெறுமையாகும்போது சுமார் 110 ஓம். எல்லா வாகனங்களுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. அமெரிக்க வாகனங்கள் பலவற்றில் இது தலைகீழானது: வெறுமைக்குக் குறைந்த தடை, நிறைவுக்குக் கூடிய தடை. ஆகவேதான் ஒரு வாகனத்தின் யூனிற்றை வேறொரு வாகனத்தின் மீற்றருடன் சேர்த்தால் முள் பிழையாகக் காட்டுகிறது.

இன்னொரு விடயத்தையும் மறக்கலாகாது. குழியில் விழும்போதெல்லாம் முள் ஆடாதிருப்பதற்காக, அதை மெதுவாக நகரும்படியே செய்திருக்கிறார்கள். திறப்பைப் போட்டவுடன் முள் ஏறவில்லை என்று பதற வேண்டாம். இரண்டு நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

முள்ளின் நடத்தையும் அதன் காரணமும்

பழைய ரொயோட்டா வகை வாகனங்களுக்குப் பின்வரும் குறிப்புகள் பொருந்தும்.

முள் எப்போதும் வெறுமையில் கிடந்தால்: வயர் அறுந்திருக்கலாம், இணைப்பி துருப்பிடித்திருக்கலாம், எர்த் விட்டுப்போயிருக்கலாம், அல்லது யூனிற்றின் தடைத் தகடு அறுந்திருக்கலாம்.

எப்போதும் நிறைவில் நின்றால்: தாங்கிக்குச் செல்லும் வயர் எங்கோ உடலில் உரசி எர்த் ஆகியிருக்கலாம்.

ஒரே இடத்தில் அசையாது நின்றால்: மிதவையின் கை இறுகியிருக்கலாம்.

உள்ளதைவிட எப்போதும் குறைத்துக் காட்டினால்: எர்த் இணைப்பில் துரு ஏறித் தடையைக் கூட்டியிருக்கலாம், அல்லது மிதவை ஓட்டையாகி அமிழ்ந்திருக்கலாம்.

முள் திடீரெனத் துள்ளினால்: தடைத் தகடு தேய்ந்திருக்கலாம், அல்லது இணைப்புத் தளர்ந்திருக்கலாம்.

எரிபொருள் மானியும் வெப்பமானியும் ஒன்றாகப் பிழைத்தால்: தாங்கியைத் தொடவே வேண்டாம். பியூசையும், மீற்றர் போட்டுக்கு வரும் மின்சாரத்தையும் பாருங்கள்.

ஐந்து நிமிடச் சோதனை

இச்சோதனைக்கு 12 வோல்ற், 3.4 வாற் சிறிய பல்ப் ஒன்றும் இரண்டு துண்டு வயரும் போதும். (24 வோல்ற் லொறிகளுக்கு அதற்குரிய பல்ப் வேண்டும்.) எரிபொருள் ஒழுகுகிறதா, பெற்றோல் மணக்கிறதா என முதலில் பாருங்கள். அப்படியிருந்தால் இச்சோதனையைச் செய்யக்கூடாது.

முதலில், திறப்பை நிறுத்திவிட்டு, தாங்கிக்குச் செல்லும் வயரின் இணைப்பியைக் கழற்றுங்கள். திறப்பைப் போட்டால் முள் வெறுமைக்கு இறங்க வேண்டும்.

இரண்டாவதாக, திறப்பை நிறுத்தி, மானியிலிருந்து வரும் வயரைப் பல்பின் ஊடாக உடலின் எர்த்துடன் இணையுங்கள். மீண்டும் திறப்பைப் போட்டால் பல்ப் எரிந்து, முள் நிறைவை நோக்கி மெல்ல ஏற வேண்டும். பல்ப் இல்லாமல் நேரடியாக எர்த் கொடுத்து நீண்ட நேரம் வைத்திருப்பது மானியைக் கெடுத்துவிடக்கூடும்.

இவ்விரண்டும் சரியாக நடந்தால் மானியும் வயரும் நல்லவை. பழுது தாங்கிப் பக்கத்தில். நடக்காவிட்டால் பழுது வயரில் அல்லது மானியில். இச்சோதனையை முதலிலேயே செய்திருந்தால் அந்த இளைஞருக்கு மீற்றர் போட் வாங்கிய பணம் மிஞ்சியிருக்கும்.

மூன்றாவதாக, தாங்கியின் எர்த் வயரைப் பாருங்கள். பூட்டியிருக்கும் ஆணியைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்கிப் பூட்டுங்கள். குளிர்காலத்தில் யப்பானின் வடபகுதி வீதிகளில் உறைபனியைக் கரைக்க உப்புத் தூவுவார்கள். அங்கு ஓடிய வாகனங்களின் அடிப்பாகத்தில் துரு கூடுதலாக இருக்கும். கரையோர உப்புக் காற்றும் அதே வேலையைச் செய்யும்.

தாங்கியைத் திறக்கும்போது

இங்கே எச்சரிக்கை மிக அவசியம். பெற்றோலைவிட அதன் ஆவியே ஆபத்தானது. அது காற்றைவிடப் பாரமானது. நிலத்தோடு பரவி, தூரத்திலுள்ள அடுப்பு நெருப்பையும் தேடிப் போகும். எனவே திறந்த வெளியில் வேலை செய்யுங்கள். பற்றறியின் நெகற்றிவ் வயரைக் கழற்றுங்கள். புகைப்பதும், தாங்கிக்குள் நெருப்புக்குச்சி வெளிச்சத்தில் பார்ப்பதும் உயிருக்கு உலை வைக்கும். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். வெறுமையான தாங்கிக்கு ஒருபோதும் வீட்டில் ஒட்டு வைக்க முயலாதீர்கள். உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும்.

பல கார்களில் பின் ஆசனத்தின் கீழுள்ள மூடியைக் கழற்றினால் யூனிற் தெரியும். வான்களில் பெரும்பாலும் தாங்கியையே இறக்க வேண்டும். 40 லீற்றர் டீசல் மட்டும் சுமார் 34 கிலோ நிறை கொண்டது. ஆகவே எரிபொருளை முதலில் உரிய கலன்களுக்கு மாற்றிவிட்டு, இருவர் சேர்ந்து இறக்குங்கள். ஜக்கை மட்டும் நம்பி வாகனத்தின் கீழ் படுக்கக்கூடாது. தடித்த மரக்கட்டைகளும் வைக்கப்பட வேண்டும்.

யூனிற்றை வெளியே எடுத்ததும் மல்ரிமீற்றரை இணைத்து, மிதவையின் கையைக் கீழிருந்து மேலாக மெதுவாக நகர்த்துங்கள். ஓம் அளவு சீராக மாற வேண்டும். இடையில் துள்ளினால் தகடு தேய்ந்திருக்கிறது. அழுக்கு மட்டும் என்றால் பென்சில் அழிறப்பரால் மென்மையாகத் துடைக்கலாம். உப்புத்தாள் போட்டால் உள்ள தகடும் போய்விடும். மிதவையைக் கழுவித் துடைத்து, ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்துங்கள். குமிழி வந்தாலோ, குலுக்கும்போது உள்ளே திரவச் சத்தம் கேட்டாலோ அதை மாற்ற வேண்டும். பூட்டும்போது புதிய வாசர் போடுங்கள்.

அந்த இளைஞரின் வானில் மிதவையின் கை துருவாலும் பிசினாலும் இறுகிப் போயிருந்தது. 2022 எரிபொருள் நெருக்கடியின்போது அந்த வான் பல வாரங்கள் அரைத் தாங்கியுடன் முற்றத்தில் நின்றதாம். அவ்வருட நடுப்பகுதியில் கியூ.ஆர். முறை வந்தபோது ஒரு வானுக்கு வாரத்துக்கு 20 லீற்றரே ஆரம்பத்தில் ஒதுக்கப்பட்டது. கான்களில் சேர்த்து வைத்த டீசலையும், மண்ணெண்ணெய் கலந்ததையும் ஊற்றியவர்கள் பலர். தண்ணீரும் துருவும் அவற்றோடு தாங்கிக்குள் சென்றன. மெக்கானிக் அந்தக் கையைத் துப்புரவாக்கி, தாங்கியையும் கழுவிப் பூட்டினார். புதிய பாகம் எதுவும் தேவைப்படவில்லை.

வாங்குவதாயின்

யூனிற் மாற்றத்தான் வேண்டும் என்றால், கொழும்பு பஞ்சிகாவத்தையிலும் மாவட்ட நகரங்களிலும் பழைய உதிரிப்பாகங்கள் கிடைக்கின்றன. பழைய யூனிற்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள். வாகனத்தின் மொடல் இலக்கம், இணைப்பியின் வடிவம், கையின் நீளம் ஆகிய மூன்றும் ஒத்திருக்க வேண்டும். பணம் கொடுக்குமுன் மல்ரிமீற்றரால் அளந்து பாருங்கள். நேர்மையான கடைக்காரர் அதற்கு மறுக்கமாட்டார்.

ஹைபிரிட் உட்படப் புதிய வகை வாகனங்களில் பெரும்பாலும் தாங்கியின் செய்தி கணினி வழியாகவே மானிக்குச் செல்கிறது. அவற்றில் பல்ப் சோதனை செய்யக்கூடாது. செம்மஞ்சள் நிற வயர்கள் உயர் மின்னழுத்தம் கொண்டவை. அவற்றைத் தொடாமல், பயிற்சி பெற்றவரிடம் கொடுங்கள்.

திருத்தும் வரை ஒரு கொப்பி

மானி திருந்தும் வரை என்ன செய்வது? 1990களில் பொருளாதாரத் தடையின் கீழ் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலத்தில், போத்தலால் அளந்து ஊற்றிக் கணக்கு வைத்தே எம்மவர் பயணம் செய்தனர். அதே வழி இன்றும் உதவும். தாங்கியை நிறைத்து, ஓடிய தூரத்தைக் கொப்பியில் எழுதுங்கள். மீண்டும் நிறைக்கும்போது எத்தனை லீற்றர் பிடித்தது எனப் பார்த்தால் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்பது தெரியும். தாங்கி 60 லீற்றர் கொள்வது, வான் லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடுவது என வைத்துக்கொண்டால், 450 கிலோமீற்றர் ஓடியதும் 45 லீற்றர் முடிந்திருக்கும். 15 லீற்றரே மிச்சம். அத்துடன் நிரப்பிவிட வேண்டும்.

தாங்கியை அடிமட்டம் வரை வற்றவிடுவதும் நல்லதல்ல. அடியில் தங்கிய துருவும் தண்ணீரும் இயந்திரத்தை நோக்கி இழுபடும். தாங்கிக்குள் மின்பம்பி உள்ள பெற்றோல் வாகனங்களில், அந்தப் பம்பியைக் குளிர வைப்பதே பெற்றோல்தான். எரிபொருள் குறைந்தால் அது சூடாகிப் பழுதடையும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். எமது கிராமங்களிலுள்ள வாலிபர் கழகங்களும் அபிவிருத்திச் சங்கங்களும் ஒரு மல்ரிமீற்றரை வாங்கிப் பொதுவில் வைக்கலாம். மாதத்தில் ஒருநாள், அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரை அழைத்து, ஊர் வாகனங்களின் எர்த், இணைப்பி, மானி ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். பயிற்சி பெற விரும்பும் இளைஞருக்கு அதுவே முதற் பாடமாகவும் அமையும். வானில் ஏறும் நோயாளி முள்ளைப் பார்ப்பதில்லை; சாரதியை நம்பியே ஏறுகிறார். அந்த நம்பிக்கைக்கு ஒரு துண்டு வயரும் ஒரு சின்னப் பல்பும் பெரிய செலவல்ல.